ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’: 15ஆம் இயலில் வெளிப்படும் கோதிக் கருப்பொருள்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ என்னும் குறுநாவல், கோதிக் மரபில் எழுந்த ஆவிக்கதைகளுள் மிகுதியாக விவாதிக்கப்பட்ட ஒன்று. அதில் வரும் ஆவிகள் உண்மையானவையா, கதைசொல்லியின் மனமயக்கத்தில் தோன்றியவையா என்னும் வினாவைச் சுற்றியே அதன் திறனாய்வு பெரிதும் நிகழ்ந்துள்ளது. இக்கட்டுரை அந்நாவலின் 24 இயல்களுள் 15ஆம் இயலை மட்டும் எடுத்துக்கொண்டு நுணுகி ஆராய்கிறது. அவ்வியலில் ஆவி, கதைசொல்லிக்கு உரிய மேசையில், அவளுக்கு உரிய இடத்தில் அமர்ந்திருக்கிறது. உரிமையின்றி இடத்தைக் கொண்டவர் யார் என்னும் கோதிக் மரபின் மூலவினா இங்கே கோட்டையையும் மரபுரிமையையும் விட்டு நீங்கி, கூலிக்குப் பெற்ற ஒரு பணியிடத்தைப் பற்றிய வினாவாக மாறுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கோதிக் புனைவு, ஆவிக்கதை, ஹென்றி ஜேம்ஸ், இல்லாசிரியை, இடவுரிமை, நம்பகமற்ற கதைசொல்லி.

முன்னுரை

செல்வர் வீட்டில் தங்கி அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வியும் ஒழுக்கமும் பயிற்றும் பெண்ணை ஆங்கிலேயர் ‘கவர்னஸ்’ என்றனர். இக்கட்டுரையில் அச்சொல் ‘இல்லாசிரியை’ என ஆளப்படுகிறது. ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ அத்தகைய ஒருத்தி தன் கையால் எழுதிவைத்த ஏடாக அமைகிறது. நாவலில் அவளுக்குப் பெயரில்லை. ஊர்ப்புறப் பாதிரியார் ஒருவரின் இளைய மகளான அவள், இருபது வயதில் இலண்டன் ஹார்லி தெருவில் வாழும் செல்வர் ஒருவரிடம் பணி ஏற்கிறாள். அவர்தம் தம்பியின் பெற்றோரற்ற பிள்ளைகளான மைல்ஸ், ஃப்ளோரா இருவரையும் எசெக்ஸில் உள்ள பிளை என்னும் மாளிகையில் வளர்க்கும் பொறுப்பு அவளுடையதாகிறது. எக்காரணம் கொண்டும் தம்மைத் தொந்தரவு செய்யக்கூடாது, முறையிடக்கூடாது, எழுதக்கூடாது என்பது எசமானர் விதித்த நிபந்தனை. அம்மாளிகையில் முன்னர்ப் பணியாற்றி இறந்த பீட்டர் குயின்ட் என்னும் ஏவலாளும், மிஸ் ஜெசல் என்னும் முந்தைய இல்லாசிரியையும் அவள் கண்ணுக்குத் தோன்றத் தொடங்குகின்றனர். பிள்ளைகளைக் காக்க அவள் மேற்கொள்ளும் போராட்டம் மைல்ஸின் இறப்பில் முடிகிறது.

இந்நாவலைப் பற்றிய விவாதம் நெடியது. எட்னா கென்டன் 1924இலும், எட்மண்ட் வில்சன் 1934இலும் ஆவிகளை இல்லாசிரியையின் உள்ளத்தில் தோன்றியவையாகக் கண்டனர். அடக்கப்பட்ட காமத்தின் விளைவு என்பது வில்சனின் வாதம். ராபர்ட் ஹெய்ல்மன் 1947இல் அதனை மறுத்து, தீமை இக்கதையில் புறத்தே உள்ள மெய்ப்பொருள் என்றார். இயற்கையான விளக்கத்துக்கும் இயற்கைமீறிய விளக்கத்துக்கும் இடையிலான தயக்கமே இவ்வகைப் புனைவின் இலக்கணம் எனத் த்ஸ்வெதான் தொதொரோவ் 1970இல் வகுத்தார். புதிரை அவிழ்க்க முனையும் வாசகரே அதன் பொறியில் அகப்படுகிறார் என ஷோஷானா ஃபெல்மன் 1977இல் காட்டினார்.

இவ்விவாதத்தின் இரு தரப்புகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒரு தரப்பு குற்றத்தை இறந்தவர்மேல் ஏற்றுகிறது. மறுதரப்பு அதனை இளம்பெண் ஒருத்தியின் உள்ளத்தின்மேல் ஏற்றுகிறது. பிள்ளைகளையும் அவளையும் அம்மாளிகையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்ட எசமானரும், அவர் வகுத்த பணியிடமும் இரு தரப்பிலும் வினாவுக்கு உட்படாமல் போகின்றன. 15ஆம் இயலைக் கூர்ந்து படிப்பது அவ்வினாவை மீண்டும் எழுப்பத் துணைசெய்யும்.

கோதிக் மரபும் இடவுரிமையும்

கோதிக் புனைவின் தொடக்கமாகக் கொள்ளப்படும் ஹொரேஸ் வால்போலின் ‘தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ’ 1764இல் வெளிவந்தது. அதில் கோட்டையை ஆளும் மான்ஃபிரெட் உண்மையான உரிமையாளன் அல்லன். அவனுடைய பாட்டன் முறைகேடாகக் கைப்பற்றிய இடம் அது. கொல்லப்பட்ட அல்ஃபோன்சோவின் ஆவி பேருருக் கொண்டு எழுந்து, உரியவனுக்கு இடத்தை மீட்டுத் தருகிறது. ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடோல்ஃபோ’விலும் பெண்களின் சொத்தைக் கவர முனையும் மொன்டோனியே அச்சத்தின் ஊற்று. ஆக, இம்மரபில் ஆவியும் அச்சமும் பெரும்பாலும் ஒரு சொத்துரிமை வழக்கின் பக்கத்திலேயே நிற்கின்றன.

1847இல் சார்லட் பிரான்டே எழுதிய ‘ஜேன் அயர்’ இவ்வினாவை இல்லாசிரியையிடம் கொண்டுவந்தது. ஜேன் மனைவியாக அமரவிருந்த இடத்தில் முன்னரே ஒருத்தி இருக்கிறாள், மாடியறையில் அடைக்கப்பட்டிருக்கிறாள். ஜேம்ஸின் கதைசொல்லி இந்நூல்களின் நிழலிலேயே சிந்திப்பவள். பிளையில் முதன்முதலில் அந்நிய உருவத்தைக் கண்டபின், 4ஆம் இயலில், உடோல்ஃபோவைப் போன்ற மர்மம் இங்கும் உண்டோ, அடைத்துவைக்கப்பட்ட பித்துற்ற உறவினர் எவரேனும் உளரோ என எண்ணுகிறாள். எனினும் அவள் எதிர்கொள்வது சொத்துக்கு வாரிசையோ மறைக்கப்பட்ட மனைவியையோ அன்று. தனக்கு முன் அதே பணியைச் செய்தவளை. இம்மாற்றமே ஜேம்ஸ் கோதிக் மரபில் செய்த புதுமை எனலாம்.

இது திட்டமிட்டே செய்யப்பட்டது எனக் கருதச் சான்று உண்டு. கான்டர்பரிப் பேராயர் எட்வர்ட் வைட் பென்சன் சொல்லக் கேட்ட கதைக்கரு ஒன்றை ஜேம்ஸ் 1895 சனவரியில் தம் குறிப்பேட்டில் எழுதினார். அதில் தீய ஏவலர், அவர்களால் கெட்ட பிள்ளைகள், இறந்தபின் திரும்பிவரும் ஏவலர் ஆகியோர் உளர். கதையை வெளியிலிருந்து நோக்கும் ஒருவர் சொல்லவேண்டும் என்றும் அக்குறிப்பு கூறுகிறது. நாவலாக எழுதும்போது அந்த வெளியாளை ஜேம்ஸ் நீக்கிவிட்டார். இறந்த பணியாளின் வேலையிலேயே அமர்த்தப்பட்ட ஒருத்தியைக் கதைசொல்லியாக்கினார்.

இயலின் அமைப்பு: நான்கு இருக்கைகள்

15ஆம் இயல் சிறியது; நிகழ்ச்சி மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலயத்துக்குச் செல்லும் வழியில், முந்தைய இயலில், மைல்ஸ் தன்னை எப்போது பள்ளிக்குத் திரும்ப அனுப்புவார்கள் எனக் கேட்கிறான். பெரியப்பாவை வரவழைப்பேன் என்கிறான். தனியே உள்ளே சென்றுவிடுகிறான். இல்லாசிரியை பின்தொடரவில்லை. வெளியே நின்று, பிளையைவிட்டு ஓடிப்போக முடிவுசெய்து, ஆளில்லாத மாளிகைக்குத் திரும்புகிறாள். தன் பொருள்களை எடுக்கப் பாடசாலை அறைக்குள் நுழையும்போது மிஸ் ஜெசலைக் காண்கிறாள். உருவம் மறைகிறது, போகும் எண்ணமும் மறைகிறது.

இச்சிறு இயல் நான்கு இருக்கைகளின் வழியே நகர்வது நோக்கத்தக்கது. முதலாவது, தேவாலயத்தில் மைல்ஸின் அருகில் அவளுக்குரிய இருக்கை. அதில் போய் அமரும் துணிவு அவளுக்கு இல்லை. சிறுவன் தன் கையைக் கோத்துக்கொண்டு, ஒரு மணிநேரம் மௌனமாகத் தன்னை எள்ளுவான் என அஞ்சுகிறாள். அவன் வந்த நாள்முதல் அவனிடமிருந்து விலக அவள் விரும்புவது இதுவே முதன்முறை. இரண்டாவது, தேவாலய முற்றத்துக் கல்லறை. உயிருள்ளோர் வரிசையில் அமர இயலாதவள் இறந்தோர்மேல் அமர்ந்து, சன்னல்வழி வரும் வழிபாட்டொலியைக் கேட்கிறாள். மூன்றாவது, மாளிகையின் மாடிப்படி. எவ்வாறு வெளியேறுவது எனத் திகைத்து, படிக்கட்டின் அடியில் சோர்ந்து அமர்கிறாள். 10ஆம் இயலில் இரவு வேளையில் மிஸ் ஜெசல் தலையைக் கைகளில் தாங்கிக் குனிந்து அமர்ந்திருந்த அதே இடம் அது என்பது நினைவுக்கு வர, திடுக்கிட்டு எழுகிறாள். நான்காவது, பாடசாலை அறையில் உள்ள அவளது மேசை. அங்கே அமர்ந்திருப்பவள் மிஸ் ஜெசல்.

மூன்றாம் இருக்கைக்கும் நான்காம் இருக்கைக்கும் உள்ள உறவே இவ்வியலின் உயிர்நிலை. ஆவியின் இடத்தில் இவள் தன்னையறியாமல் அமர்ந்தாள். அடுத்த சில நிமிடங்களில் இவளது இடத்தில் ஆவி அமர்ந்திருக்கிறது. இத்தகைய இடமாற்றத்துக்கு நாவல் முன்னரே வாசகரைப் பழக்கியுள்ளது. 4ஆம் இயலில் உணவறைச் சன்னலுக்கு வெளியே குயின்டைக் கண்ட இல்லாசிரியை, வெளியே ஓடி, அவன் நின்ற இடத்தில் நின்று கண்ணாடியில் முகம் வைத்து உள்ளே நோக்குகிறாள். அவ்வேளை அறைக்குள் வந்த மனைப் பொறுப்பாளர் திருமதி கிரோஸ், தான் குயின்டைக் கண்டு வெளிறியதுபோலவே இவளைக் கண்டு வெளிறிப்போகிறாள். அங்கு இடமாற்றம் ஒருவழிப்பட்டது. 15ஆம் இயலில் அது இருவழிப்பட்டதாகிறது.

முதல் நோக்கில் தெரிந்தவள்

மேசையில் இருந்த உருவத்தைப் பற்றி இல்லாசிரியை தரும் முதல் வருணனை மிகுந்த கவனத்துக்குரியது. முன்பட்டறிவு இல்லாதிருந்தால், வீட்டைக் காக்கத் தங்கிவிட்ட பணிப்பெண் எவளோ, கண்காணிப்பு இல்லாத நேரத்தில் தன் மேசையையும் மையையும் தாளையும் எடுத்துக்கொண்டு, காதலனுக்குப் பாடுபட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்றே கொண்டிருப்பேன் என்கிறாள். அடுத்த நொடியில் அவ்வுருவம் எழுகிறது. பணிப்பெண் முந்தைய இல்லாசிரியையாகிறாள். துயரும் கம்பீரமும் பற்றின்மையும் உடைய கறுப்புடைப் பெண்ணாக 12 அடிக்குள் நிற்கிறாள்.

இவ்விரு நொடிகளுக்கு இடையில் இல்லாசிரியையின் சமூக நிலை முழுமையும் அடங்கியுள்ளது. விக்டோரியா காலத்து இல்லாசிரியையின் நிலையைப் பற்றி 1970இல் ஆராய்ந்த எம். ஜீன் பீட்டர்சன், அதனைத் தகுதி முரண்பாடு என விளக்கினார். பிறப்பாலும் கல்வியாலும் அவள் சீமாட்டி. கூலி பெறுவதால் பணியாள். குடும்பத்தாரோடும் ஏவலரோடும் அவளால் ஒன்ற இயலாது. தன் எழுதுபொருளைத் தொட்ட பணிப்பெண்ணாக முதலில் எண்ணுவதில் மேலிருந்து கீழ்நோக்கும் உடைமையுணர்வு வெளிப்படுகிறது. ஆனால் அந்த மேசையும் மையும் அவளுக்குமே சொந்தமல்ல. பிறர் வீட்டுப் பொருள்கள். எதிரில் நிற்பவள் தன்னைப் போன்றவளே எனத் தெரிந்ததும் அவ்வுடைமையுணர்வு நிலைகுலைகிறது. அந்த மேசையில் அமரத் தனக்குள்ள அதே உரிமை அவளுக்கும் உண்டு என அவ்வுருவத்தின் பார்வை சொல்வதாக இல்லாசிரியை உணர்கிறாள். அத்துமீறி நுழைந்தவள் தானோ என்னும் குளிர்ந்த உணர்வு அவளைப் பற்றுகிறது.

ஒட்ராண்டோவில் உரிமையற்றவனை உலகறியச் செய்வது ஆவியின் வேலை. இங்கும் ஆவி அதே வேலையைச் செய்கிறது. வேறுபாடு யாதெனில், இங்கு இருவருள் எவருக்கும் உரிமையில்லை. உரியவர் ஹார்லி தெருவில் இருக்கிறார், வரவே மாட்டார். அவர் இல்லாத வீட்டில், அவர் தந்த ஒரே வேலையில் முன்பின்னாக அமர்ந்த இரு பெண்கள் ஒருவரையொருவர் அந்நியராகக் காண்கின்றனர்.

எழுதும் கோலம்

மேசையில் இருப்பவள் கடிதம் எழுதுபவளாகத் தோன்றுவதும் தற்செயலன்று. இந்நாவலில் கடிதங்கள் போய்ச் சேர்வதில்லை. எசமானருக்கு எழுதக்கூடாது என்பதே பணியின் நிபந்தனை. 2ஆம் இயலில் மைல்ஸைப் பள்ளி நீக்கியது பற்றிய மடல், எசமானர் அதன் முத்திரையை உடைக்காமலே இல்லாசிரியைக்குத் திருப்பிவிட்டதாக வருகிறது. பிள்ளைகள் பெரியப்பாவுக்கு எழுதும் கடிதங்களை அவள் அனுப்புவதில்லை, தானே வைத்துக்கொள்கிறாள். இவ்வியலுக்குப் பின் அவள் எசமானருக்கு எழுதத் துணிந்த ஒரே கடிதத்தை மைல்ஸ் எடுத்துவிடுகிறான். அதிலும் நேரில் பேச வேண்டும் என்பதற்கு மேல் ஏதுமில்லை.

இப்பின்னணியில், சோர்ந்த கைகளால் தலையைத் தாங்கித் தாளின்முன் அமர்ந்திருக்கும் மிஸ் ஜெசலின் கோலம், முறையிட இயலாத பணியாளின் கோலமாகிறது. அவள் எழுத முயன்றது யாருக்கு, எதை என்பது நாவலில் இல்லை. ஆயின் அதே மேசையில், அதே தடைக்கு உட்பட்டு, எழுத இயலாமல் அமரவிருப்பவள் இல்லாசிரியைதான். 17ஆம் இயலில் வெற்றுத்தாளின்முன் அவள் அமர்ந்திருக்கும் காட்சி இதனை உறுதிசெய்கிறது. மேலும், நாம் படிக்கும் ஏடே பிற்காலத்தில் இல்லாசிரியை எழுதியது. ஒருத்தியின் எழுத்து எஞ்சியது. மற்றவள் எழுதாமல் போனாள். ஜெசலை நாம் அறிவது அவளது இடத்தைப் பெற்றவளின் எழுத்து வழியாக மட்டுமே.

கண்டதும் சொன்னதும்

அத்துமீறியவள் தானோ என்னும் உணர்வு எழுந்தவுடன் இல்லாசிரியை கொடியவளே, இழிந்தவளே எனப் பொருள்பட ஓலமிடுகிறாள். அதுவரை எத்தோற்றத்தையும் அவள் வாய்விட்டு விளித்ததில்லை. அவ்வொலி தன்னிடமிருந்து எழுந்ததை அவளே கேட்டு அறிவதாகச் சொல்கிறாள். அடுத்த நிமிடம் அறையில் எஞ்சுவது வெயிலும், தான் இங்கேயே இருந்தாகவேண்டும் என்னும் உணர்வும் மட்டுமே. தங்குவதற்கான இம்முடிவில் பிள்ளைகளின் பெயர் இடம்பெறவில்லை. இடத்தின் மீதான உரிமை ஐயத்துக்குள்ளானபோது அவள் அவ்விடத்தை இறுகப் பற்றிக்கொள்கிறாள்.

பிள்ளைகள் காரணமாக வருவது அடுத்த இயலில். தான் மிஸ் ஜெசலோடு உரையாடியதாக இல்லாசிரியை திருமதி கிரோஸிடம் சொல்கிறாள். ஆவி பேசியதா எனக் கேட்டதற்கு ஏறத்தாழ அப்படித்தான் என மழுப்புகிறாள். நரகத்தில் உழல்வோரின் வேதனையைத் தான் படுவதாகவும், அதில் பங்குகொள்ள ஃப்ளோராவை விரும்புவதாகவும் ஆவி கூறிற்று என்கிறாள். 15ஆம் இயலில் ஆவி ஒரு சொல்லும் பேசவில்லை. ஃப்ளோராவைப் பற்றிய சாயலும் அங்கில்லை. பேசியவள் இல்லாசிரியை மட்டுமே.

வில்சனைப் பின்பற்றுவோர் இவ்வேறுபாட்டைக் கதைசொல்லியின் நம்பகமின்மைக்குச் சான்றாகக் காட்டுவர். அது சரியே. ஆனால் எது மாற்றப்பட்டது என்பதையும் காணவேண்டும். உன் உரிமையும் என் உரிமையும் ஒன்றே என்னும் பார்வை, உன் பிள்ளையை எனக்குத் தா என்னும் பேச்சாக மாற்றப்படுகிறது. சமமானவள் எதிரியாக்கப்படுகிறாள். தன் நிலைமையைப் பற்றிய அச்சம் பிள்ளையைக் காக்கும் கடமையாக உருமாறுகிறது. இவ்வுருமாற்றத்தின் விலையை இறுதி இயலில் மைல்ஸ் கொடுக்கிறான்.

ஒரு மறுப்பும் விடையும்

மிஸ் ஜெசலின் வீழ்ச்சிக்குப் பணியிடம் காரணமன்று, குயின்டோடு கொண்ட தகாத உறவே காரணம் என மறுக்கலாம். நாவல் தரும் செய்தி அத்துணைத் தெளிவானதன்று. விடுமுறைக்குச் சென்றவள் திரும்பவில்லை. இறந்துவிட்டதாக எசமானர் தெரிவித்தார். இவ்வளவே திருமதி கிரோஸ் அறிந்தது. அவள் ஏன் போனாள் என்பதைத் தாம் கற்பனை செய்துகொண்டதாகவே அவரும் 7ஆம் இயலில் ஒப்புகிறார். குயின்டுக்கு அம்மாளிகையில் வரம்பற்ற அதிகாரம் தந்தவரும் எசமானரே. இன்னொன்றும் கருதத்தக்கது. முகவுரையில் டக்ளஸ் இவ்வேட்டை வாசிக்கத் தொடங்குமுன், முந்தைய இல்லாசிரியை இறந்ததைக் கேட்ட ஒருவர், அப்பணியே உயிருக்கு ஊறு தருவதோ எனப் பொருள்பட வினவுகிறார். அதைப் புதியவளும் அறிய விரும்பினாள், அறிந்தும் கொண்டாள் என்பது டக்ளஸின் விடை. அவ்வறிதல் நிகழும் இடம் 15ஆம் இயல் எனக் கொள்வதற்கு இடமுண்டு.

முடிவுரை

15ஆம் இயல் கோதிக் ஆவிக்கதையின் முதன்மையான கருப்பொருள்களைச் சிறு அளவில் தன்னுள் கொண்டுள்ளது. கடந்தகாலம் நிகழ்காலத்தின் இருக்கையில் வந்து அமர்கிறது. காண்பவளும் காணப்படுபவளும் இடம் மாறுகின்றனர். உரிமையற்றவர் யார் என்னும் பழைய வினா பணியிடத்தை நோக்கித் திரும்புகிறது. பேசாத ஆவிக்குப் பேச்சு கற்பிக்கப்படுகிறது.

ஆவி உண்டா இல்லையா என்னும் வினாவுக்கு இவ்வியல் விடை தரவில்லை. அவ்வினாவுக்கு எந்த விடை கொண்டாலும், இல்லாசிரியை அந்நொடியில் கண்டது தன் பணியின் முடிவை என்பது மாறுவதில்லை. தன்னைப் போன்ற ஒருத்தியை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குக் கிடைத்த வாய்ப்பு சில நொடிகளே நீடித்தது. அதனை அவள் ஓலமிட்டு விரட்டினாள். முகவுரையின்படி, பிளைக்குப் பின்னரும் அவள் இல்லாசிரியையாகவே வேறொரு வீட்டில் பணியாற்றினாள். டக்ளஸின் தங்கைக்குப் பாடம் சொன்னவள் அவளே. எசமானர் நாவலின் இறுதிவரை பிளைக்கு வரவில்லை. அவரது வராமையையும் அவர் வகுத்த பணியின் இயல்பையும் முதன்மைப்படுத்தி நாவலின் ஏனைய இயல்களை மீள வாசிப்பது, இத்துறையில் மேலும் செய்யத்தக்க பணியாகும்.